எல்கி பள்ளத்தாக்கின் ஆசிரியை

கதை சொல்லத் தெரியாத ஒருவருக்கு நான் ஆசிரியர் பட்டம் கொடுக்கமாட்டேன் என்ற பொருளில் 1929இல் கட்டுரை ஒன்று எழுதினார் கேப்ரியேலா மிஸ்ட்ரல். பாடத்தின் பாதி, சொல்லும் முறையில் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. எழுதியவர், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர். பட்டம் இல்லாதவர் எப்படித் தலைமையாசிரியை ஆகலாம் என்று தலைநகரில் கேள்வி கேட்கப்பட்டவர். ஆசிரியரை ஆசிரியராக்குவது எது என்று வாழ்நாள் முழுவதும் யோசித்ததற்கு அவருக்குச் சொந்தக் காரணங்கள் இருந்தன.

1945இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற அவரைக் கவிஞராகத்தான் உலகம் அறிந்திருக்கிறது. லத்தீன் அமெரிக்காவுக்குக் கிடைத்த முதல் இலக்கிய நோபல் அது. ஆனால் பதினைந்து வயது முதல் முப்பத்து மூன்று வயதுவரை அவர் பிழைப்பும் உழைப்பும் பள்ளிக்கூடம்தான். கவிதையைத் தனியாகவும் வகுப்பறையைத் தனியாகவும் பிரித்துப் படித்தால் அவர் எழுத்தில் பாதி கைநழுவிப் போகும்.

சிலி நாட்டின் வடக்கே, ஆந்தீஸ் மலைகளுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது எல்கி பள்ளத்தாக்கு. சுற்றிலும் வறண்ட மலை; ஆற்றோரத்தில் மட்டும் திராட்சையும் அத்தியும். அங்கே விக்குன்யா என்ற ஊரில் 1889 ஏப்ரல் 7ஆம் தேதி பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் லூசிலா கோதோய் அல்காயாகா. தந்தை பள்ளி ஆசிரியர். நின்ற இடத்தில் பாட்டுக்கட்டிப் பாடக்கூடியவர். மகளுக்கு மூன்று வயதானபோது வீட்டைவிட்டுப் போனார். அவர் விட்டுச்சென்ற செய்யுள்கள் சில பின்னாளில் மகள் கையில் கிடைத்தன. தாய் தையல் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினார். தாயின் முந்தைய மணத்தில் பிறந்த அக்காள் எமெலினா, மொந்தேகிராந்தே என்ற சிற்றூரில் ஆசிரியை. பள்ளியும் வீடும் ஒரே கட்டடம். அந்த அக்காளிடம்தான் லூசிலா எழுத்துக் கற்றாள்.

இது தவிர இன்னும் இரண்டு பள்ளிகள் அவளுக்கு வாய்த்தன. ஒன்று, லா செரேனா நகரில் இருந்த தந்தைவழிப் பாட்டி. விவிலியத்தின் சங்கீதங்களைப் பேத்தியின் காதில் திரும்பத் திரும்ப ஓதிக்கொண்டிருந்தவர் அவர். மிஸ்ட்ரலின் கவிதைகளில் கேட்கும் அந்தக் கரகரத்த, மன்றாடும் குரலுக்கு ஊற்று அங்கே இருக்கிறது. மற்றொன்று, தாய். தாயின் நினைவாக அவர் எழுதிய உரைநடைப் பகுதி ஒன்றில், குழந்தையின் கையில் காயம்படுத்தாத பொருள்களாகப் பார்த்துப் பார்த்துத் தாய் கொண்டுவந்து கொடுத்ததைச் சொல்கிறார்: தோட்டத்துப் புதினா, ஒரு வண்ணக் கூழாங்கல். அவற்றின் வழியாகத்தான் உலகம் தனக்கு அறிமுகமானது என்கிறார். சொல்லும் பொருளும் சேர்ந்தே கைக்கு வந்தன. ஓர் இலையை முகர்ந்துகொண்டே அதன் பெயரைக் கேட்ட குழந்தைக்கு அந்தப் பெயர் மறப்பதில்லை. மிஸ்ட்ரலின் கல்விக் கொள்கை என்று பின்னாளில் எழுதப்பட்டவை எல்லாம் இந்த ஓர் அனுபவத்தின் விரிவுரைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அரசுப் பள்ளி அவருக்குக் கொடுத்தது வேறு. விக்குன்யாவில் படித்தபோது, மாணவிகளுக்குத் தாள் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பு அந்தக் கூச்சம் மிகுந்த சிறுமியிடம் இருந்தது. மற்றவர்கள் அளவுக்கு மேல் எடுத்துச் சென்றார்கள். அவளால் தடுக்க முடியவில்லை. தாள் தீர்ந்தபோது திருடி என்ற பழி அவள்மேல் விழுந்தது. பள்ளிவிட்டுப் போகும் வழியில் சகமாணவிகள் கல்லெறிந்தார்கள். முதுமைவரை அவர் மறக்காத காயம் இது. பேசத் தெரியாத பிள்ளைக்குத் தன்னைத் தற்காத்துக்கொள்ளும் மொழியைப் பள்ளி கொடுக்கவில்லை என்பதை அந்தப் பிள்ளையாக இருந்தே அவர் அறிந்தார். குழந்தைக்குச் சொல் கொடுப்பதை அழகுக்கலையாக அல்லாமல் நீதியாக அவர் பார்த்தது இதனால்தான்.

1904இல், பதினைந்து வயதில், லா செரேனாவுக்கு அருகே கடலையொட்டிய லா கொம்பான்யியா என்ற ஊரில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தார். பகலில் சின்னஞ்சிறு பிள்ளைகள். இரவில் தன்னைவிட வயதில் மூத்த, எழுத்தறியாத உழைப்பாளிகள். அதே ஆண்டில் உள்ளூர்ப் பத்திரிகைகளில் எழுதத் தொடங்கினார். 1906இல் விக்குன்யா பத்திரிகையில் வெளிவந்த அவருடைய கட்டுரை பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்று வாதாடியது. எழுதியவருக்கு வயது பதினாறு. லா செரேனா ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர முயன்றபோது அந்த எழுத்துகளே குறுக்கே நின்றன. சமயத்துக்கு ஒவ்வாத கருத்துகளை எழுதுகிறவள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வரக்கூடாது என்று அங்கிருந்த பாதிரியார் தடுத்தார். எழுதியதால் ஆசிரியப் பயிற்சி மறுக்கப்பட்டது.

தனியாகப் படித்து, 1910இல் சாந்தியாகோவில் தேர்வெழுதித் தகுதி பெற்றார். அந்தத் தேர்வில் தாவரவியல் வினாவுக்குச் செய்யுளில் விடை எழுதினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதைதான் என்றாலும் அவரை அறிந்தவர்கள் அதை நம்பியதில் வியப்பில்லை. செடியைப் பற்றிய அறிவும் செடியின்மேல் கொண்ட ஆசையும் இருவேறு அலமாரிகளில் வைக்கப்பட வேண்டியவை என்று அவர் ஒருபோதும் எண்ணியதில்லை.

பிறகு வேலை அவரை நாட்டின் நீளம் முழுக்க இழுத்துச் சென்றது. தெற்கே த்ரைகேன், வடக்கே பாலைவனத் துறைமுகமான அந்தோஃபகாஸ்தா, 1912 முதல் லோஸ் ஆந்தேஸ். 1914 டிசம்பரில் சாந்தியாகோ கவிதைப் போட்டியில் அவருடைய மரண சானெட்டுகள் முதற்பரிசு பெற்றன. கேப்ரியேலா மிஸ்ட்ரல் என்ற புனைபெயரை நாடு அறிந்துகொண்டது. அதற்கு நிகரான இன்னொரு செய்தியை வரலாறு அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. சில ஆண்டுகள் கழித்துச் சிலியின் பள்ளிகளுக்காக மனுவேல் குஸ்மான் மத்துரானா வெளியிட்ட வாசிப்பு நூல்களில் மிஸ்ட்ரலின் ஆக்கங்கள் ஐம்பதுக்கும் மேல் இடம்பெற்றன. முதல் கவிதைத் தொகுதி வெளிவருவதற்கு முன்பே அவர் பள்ளிப் பிள்ளைகளின் கவிஞராகிவிட்டார்.

1918இல், நாட்டின் தென்கோடியில் மகெல்லன் நீரிணைக் கரையில் இருக்கும் புந்தா அரேனாஸ் நகரப் பெண்கள் பள்ளிக்கு அவரைத் தலைமையாசிரியையாக அனுப்பினார், அப்போது கல்வியமைச்சராக இருந்த பேத்ரோ அகீர்ரே செர்தா. பின்னாளில் சிலியின் குடியரசுத் தலைவரானவர் அவர். ஆள்வது என்றால் கல்வி கொடுப்பது என்பதே அவருடைய முழக்கம். காற்றும் பனியும் ஓயாத அந்த ஊரில் பகல் பள்ளியை நடத்திக்கொண்டே தொழிலாளருக்கு இரவு வகுப்பும் நடத்தினார் மிஸ்ட்ரல். 1920இல் தெமுக்கோவுக்கு மாற்றலானார். அங்கே ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன், கவிதை எழுதுவது தந்தைக்குப் பிடிக்காத ஒரு பையன், அவரைப் பார்க்க வருவான். அவனுக்குத் தல்ஸ்தோய், தஸ்தயேவ்ஸ்கி, செகாவ் என்று ருஷ்ய நூல்களை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். அந்தப் பையன்தான் பாப்லோ நெரூதா. இப்படிச் செய், இப்படி எழுது என்று அவர் அந்தப் பையனைத் திருத்தியதாக நெரூதா நினைவுகூரவில்லை. புத்தகங்களைக் கொடுத்தார் என்பதைத்தான் நினைவுகூர்கிறார். வளரும் மனத்துக்கு முன்னால் பெரிய இலக்கியத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் அடக்கம் எல்லா ஆசிரியர்க்கும் வருவதில்லை.

1921இல் சாந்தியாகோவின் புதிய பெண்கள் பள்ளி ஒன்றுக்கு அவர் தலைமையாசிரியையாக நியமிக்கப்பட்டபோது பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்ற எதிர்ப்பு எழுந்தது. சிலிப் பல்கலைக்கழகம் அவருக்கு ஸ்பானிய மொழி ஆசிரியர் என்ற தகுதியை வழங்கியது 1923இல்தான். அதற்குள் அவர் மெக்சிகோ போய்விட்டிருந்தார்.

மெக்சிகோவில் புரட்சி ஓய்ந்திருந்த காலம். மக்களில் பெரும்பாலோர் எழுதப்படிக்க அறியாதவர்கள். கல்வியமைச்சர் ஹோசே வாஸ்கோன்செலோஸ் ஊர் ஊராக ஆசிரியர்களையும் நூலகங்களையும் அனுப்பிக்கொண்டிருந்தார். ஹோமர், தாந்தே, தல்ஸ்தோய், தாகூர் என்று உலக இலக்கியத்தை மலிவுப் பதிப்பில் அச்சிட்டார். எழுத்தே தெரியாத குடியானவனுக்கு ஹோமர் எதற்கு என்று கேலி செய்தார்கள். அந்தப் பணியில் பங்கேற்க 1922இல் அழைக்கப்பட்டவர் மிஸ்ட்ரல். கிராமப் பள்ளிகளையும் நூலகங்களையும் சுற்றிச் சுற்றி வந்தார். பெண்களுக்கான வாசிப்பு நூல் ஒன்றைத் தொகுத்தார். அதன் முன்னுரையில், பகுதிகளைத் தேர்ந்தெடுத்த அளவுகோல்களாக மூன்றைச் சொன்னார்: அறமும் சமூக நோக்கும் ஒன்று, அழகு ஒன்று, படிக்கச் சுவை ஒன்று. பாடநூல் ஒன்றுக்கு அழகும் சுவையும் தகுதிகளாகச் சொல்லப்பட்டதுதான் அதில் புதுமை. அந்த நூலின் சில பக்கங்களில் பெண்ணின் இடம் வீடு என்ற எண்ணம் தலைகாட்டுகிறது; பதினாறு வயதில் அவர் எழுதிய கட்டுரைக்கு அது ஒரு படி பின்னேதான். அதையும் சேர்த்தே அவரைப் படிக்க வேண்டும். ஆனால் ஏழைப் பெண்ணின் கையில் போகும் புத்தகம் சப்பென்று இருக்கலாகாது என்ற பிடிவாதத்தில் அவர் தளரவில்லை.

படைப்புக் கல்வியைப் பற்றிப் பேசும்போது நாம் அடிக்கடி தடுமாறுவது இந்த இடத்தில்தான். வயிற்றுப்பாடு தீர்ந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கவிதையும் ஓவியமும் நாடகமும். மற்றவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கைத்தொழிலும். இப்படி ஒரு பங்கீடு எங்கும் யாரும் சொல்லாமலே நடந்துகொண்டிருக்கிறது. நல்லெண்ணம் உள்ளவர்களும் இதற்குத் துணைபோகிறார்கள். முதலில் அடிப்படை வரட்டும், அழகு பிறகு என்கிறார்கள். மிஸ்ட்ரல் அடிப்படையைக் குறைத்து மதித்தவர் அல்லர். நிலச் சீர்திருத்தம் வேண்டும் என்று எழுதியவர். உழவர் குழந்தையின் பசி தெரிந்தவர். ஆனால் வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்கு அழகான சொல் கிடைக்கக்கூடிய ஒரே இடம் பள்ளிதான் என்பதும் அவருக்குத் தெரியும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பள்ளியில் இழந்ததை வீட்டில் பெற்றுக்கொள்வான். ஏழைப் பிள்ளைக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. ஆகவே படைப்புக் கல்வி யாருக்காவது முதலில் போய்ச்சேர வேண்டுமானால் அது அந்தப் பிள்ளைக்குத்தான்.

அவருடைய முறை என்ன? அதை முறை என்று சொல்லலாமா என்பதே சந்தேகம். உபகரணப் பட்டியலோ படிநிலை அட்டவணையோ அவரிடம் இல்லை. கதை சொல்லுதல் பற்றிய அந்தக் கட்டுரையில், விலங்கியலை வகைப்பாட்டிலிருந்து தொடங்காமல் உயிரிலிருந்து தொடங்கச் சொல்கிறார். சிங்கம் எப்படி நடக்கிறது, பறவை எப்படிக் கூடு கட்டுகிறது என்று பிள்ளையின் கண்முன் அதை உலவவிட வேண்டும். உறுப்புகளும் இனப்பெயர்களும் பிறகு வரட்டும். புவியியலுக்கும் அதே வழிதான். இந்தக் கலையை அவர் கற்றது எல்கி பள்ளத்தாக்கில் கதை சொன்ன முதியவர்களிடம். அதனால் பிள்ளையின் முதல் வாசிப்பு அவரவர் மண்ணின் நாட்டார் கதையாகவும் பாட்டாகவும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். சொந்தப் பாட்டியின் சொற்களில் காலூன்றிய பிள்ளைதான் அயல் இலக்கியத்தை நோக்கி அச்சமின்றி நடக்கும். தினமும் உண்பதுபோலத் தினமும் படிக்கும் பழக்கம் வர வேண்டும் என்று 1935இல் வாசிப்பைப் பற்றி எழுதியபோதும் இதையே சொன்னார்.

பிள்ளைகள் கைகோத்து வட்டமாகச் சுற்றி ஆடும் பாட்டுகளை, ரோந்தா என்பார்கள், அவர் ஏராளமாக எழுதினார். 1924இல் மத்ரீதில் வெளியான அவருடைய ‘தெர்னூரா’ தொகுதியில் அவையும் தாலாட்டுகளும் நிறைந்திருக்கின்றன. பிற்பதிப்பின் பின்னுரையில், தாலாட்டு என்பது தாய் குழந்தைக்கு மட்டும் பாடுவதன்று, தனக்கும் சேர்த்தே பாடிக்கொள்வது என்று சொல்கிறார். நம் தாலாட்டுகளில் குழந்தை தூங்கிய பிறகும் தாய் தன் பிறந்த வீட்டுக் குறைகளைச் சொல்லிப் பாடிக்கொண்டிருப்பதைக் கேட்டவர்களுக்கு இதன் உண்மை உடனே புரியும். கற்பித்தலிலும் இது பொருந்தும். ஆசிரியர் தனக்கும் சேர்த்துச் சொல்லாத பாடம் பிள்ளையைச் சேர்வதில்லை.

அவர் மனம் தேடிப்போன துணைகளில் ஒருவர் தாகூர். 1915 முதல் செனோபியா கம்ப்ருபியும் ஹுவான் ரமோன் ஹிமேனெஸும் தாகூரை ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் வந்தது குழந்தைகளைப் பற்றிய ‘பிறைநிலா’. மிஸ்ட்ரல் அவற்றில் தோய்ந்தார். 1922இல் நியூயார்க்கில் வெளியான அவருடைய முதல் தொகுதி ‘தெசோலாசியோன்’ நூலில் தாகூர் கவிதைகளுக்கு அவர் எழுதிய உரைநடைச் சிந்தனைகள் இருக்கின்றன. இருவரும் பள்ளியால் காயப்பட்ட குழந்தைகள். தாகூர் பள்ளிகளிலிருந்து ஓடியவர், மிஸ்ட்ரல் துரத்தப்பட்டவர். இருவரும் பள்ளியை வெறுத்து ஒதுங்கவில்லை. தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் மரத்தடியில் தன் பள்ளியைத் தொடங்கினார். மிஸ்ட்ரல் அரசுப் பள்ளிக்குள்ளேயே நின்றுகொண்டு அதன் காற்றை மாற்றப் பார்த்தார். எனக்கு இரண்டாவதுதான் கடினமான வழியாகப் படுகிறது. தனக்கென்று ஒரு தோப்பை உருவாக்கிக்கொள்ள முடியாத ஆயிரமாயிரம் ஆசிரியர்களின் வழியும் அதுதான்.

இதில் ஒரு துயரமும் உண்டு. வாசிப்பு நூல்களில் இடம்பெற்ற அவருடைய பாட்டுகள் ஆண்டுக்காண்டு ஒப்பிக்கப்பட்டுப் பழசாயின. தலைமுறை தலைமுறையாகச் சிலிக் குழந்தைகள் அவரைக் கண்டிப்பான ஆசிரியம்மாவாக, தாய்மைப் பாட்டுக்காரியாக மட்டும் அறிந்து வளர்ந்தார்கள். மரண சானெட்டுகளின் ஆவேசமும், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் வீடிழந்த பாஸ்க் குழந்தைகளுக்கு வருமானத்தைக் கொடுத்துவிட்ட 1938இன் ‘தாலா’ தொகுதியின் கரடுமுரடான மொழியும் வகுப்பறைக்குள் வரவில்லை. கவிதையைப் பாடநூலில் சேர்த்தால் போதும், படைப்புக் கல்வி நிகழ்ந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு அவருடைய கவிதைகளின் கதியே பதில். மனப்பாடப் பகுதியாகச் சுருங்கிய கவிதை எந்தக் கதவையும் திறப்பதில்லை. அது உயிரோடு வருவதற்கு நடுவில் ஒரு மனிதர் வேண்டும். அந்தக் கவிதையைத் தனியறையில் தனக்காகப் படித்த ஒருவர்.

அவர் முடிக்காமல் விட்டுச்சென்று, 1967இல், அவர் இறந்து பத்தாண்டுக்குப் பிறகு வெளிவந்த ‘சிலியின் கவிதை’ என்ற நெடும்படைப்பில் இந்த மனிதரைப் பார்க்க முடிகிறது. இறந்துபோன பெண்ணொருத்தி ஆவியாகத் திரும்பி வந்து, பழங்குடிச் சிறுவன் ஒருவனுடனும் ஒரு மானுடனும் சிலியை வடக்கிலிருந்து தெற்காக நடந்தே கடக்கிறாள். வழியெல்லாம் பையன் கேள்வி கேட்கிறான். அவள் பறவை, மரம், மலை, நதி என்று ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லிக் காட்டுகிறாள். யாருக்கு நிலம் உண்டு, யாருக்கு இல்லை என்ற பேச்சும் வருகிறது. புவியியலும் தாவரவியலும் சமூகநீதியும் சேர்ந்த ஒரு நீண்ட பாடவேளை அது. ஊர் ஊராக மாற்றலாகிப் போன ஆசிரியை, அந்த மாற்றல்களை எல்லாம் கடைசியில் ஒரே வகுப்பாக்கிவிட்டார்.

ஆனால் ஆசிரியப் பணியை அவர் தேன்தடவிப் பேசியவர் அல்லர். அந்தப் பணி ஆளை உலர்த்திவிடும் என்பதை வெளிப்படையாகச் சொன்னார். 1949இல் அவர் எழுதிய ‘பக்கத் தொழில்’ என்ற கட்டுரை இதைப் பற்றியதே. ஒரே பாடத்தை ஆண்டாண்டாகத் திருப்பிச் சொல்வதில் ஆசிரியரின் மனம் காய்ந்துபோகிறது. அலுப்பு முகத்தில் ஏறுகிறது. பிள்ளைகள் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள். தப்பிக்க ஒரு வழி உண்டு. தோட்டமோ, இசையோ, தச்சோ, எழுத்தோ, ஏதேனும் ஒன்றைத் தன் தொழிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். லா கொம்பான்யியாவில் தனிமையில் கிடந்த தன்னைக் காப்பாற்றியவை வாசிப்பும் செய்யுளும்தான் என்று அதில் நினைவுகூர்கிறார். லா செரேனாவில் கல்வியாளரான பத்திரிகையாளர் ஒருவர் தன் நூலகத்தை அந்தச் சிறு வயது ஆசிரியைக்குத் திறந்துவிட்டிருந்தார். அந்தக் கடன் புத்தகங்கள் இல்லையென்றால் அவர் நல்ல ஆசிரியை ஆகியிருப்பாரா என்பதே ஐயம்.

படைப்புக் கல்வி என்ற பெயரில் நாம் பிள்ளைகளுக்காகத் திட்டங்கள் தீட்டுகிறோம். கையேடுகள் அச்சிடுகிறோம், பயிலரங்குகள் நடத்துகிறோம், ஆசிரியரிடம் இன்னும் இரண்டு பதிவேடுகளைக் கூடுதலாகக் கொடுத்து நிரப்பச் சொல்கிறோம். அவர் கடைசியாகத் தனக்காக ஒரு புத்தகம் படித்தது எப்போது என்று கேட்பதில்லை. எப்போது படிப்பார் என்றும் யோசிப்பதில்லை. மிஸ்ட்ரலின் வாழ்க்கை எனக்குக் கற்பிப்பது இந்த ஒன்றைத்தான்: பிள்ளையின் கற்பனைக்கு முதல் உணவு ஆசிரியரின் உள்வாழ்க்கை. அது வறண்டிருந்தால் எந்தச் செயல்முறையும் செயற்கையாகிவிடும். அது ஈரமாக இருந்தால் சுண்ணக்கட்டியும் கரும்பலகையும் போதும். பின்னம் சொல்லிக்கொடுக்கும் வேளையிலும் பிள்ளை அதை உணர்ந்துகொள்ளும். எனவே பள்ளி நூலகத்தில் ஆசிரியருக்கென்று ஓர் அலமாரி வேண்டும். வாரத்தில் யாரும் கணக்குக் கேட்காத சில மணிநேரம் வேண்டும். பாட்டிலோ தோட்டத்திலோ ஆசை வைத்திருக்கும் ஆசிரியரை வேலையில் கவனமில்லாதவர் என்று ஒதுக்காத நிர்வாகம் வேண்டும். இவை சலுகைகள் அல்ல. லா கொம்பான்யியாவின் பதினைந்து வயது ஆசிரியைக்கு ஒரு தனிமனிதரின் தயவால் கிடைத்தவை, எல்லா ஆசிரியர்க்கும் உரிமையாகக் கிடைக்க வேண்டும். பிள்ளைகள் படைக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிற ஒரு சமூகம், ஆசிரியர்களைப் படிக்கவிடுவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.